காலையில் வாய் திறக்காத மைக்குகள்

போன மாசம் பொத்தேரியிலிருந்து கவிதா போன் பண்ணினாள். ஒரு காலத்தில் என் லேபில் ஜூனியராக இருந்தவள். இப்போது அங்கே ஒரு கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் எடுக்கிறாள். "மேடம், இப்பல்லாம் ஒரு சின்ன மாட்யூலை வாங்கிச் சொருகினா ப்ளூடூத் வந்துடுது. வயர்லெஸ்னா என்னன்னே தெரியாம வயர்லெஸ் ப்ராஜெக்ட் முடிச்சுட்டுப் போயிடறாங்க. நீங்க எப்படி எடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாட்யூல் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எங்கள் காலம் போல வருமா என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் காலையில் நடக்கக்கூடப் போவதில்லை. அப்போது அது கிடைத்திருந்தால் நானும் சந்தோஷமாகச் சொருகிவிட்டுச் சீக்கிரம் சேலையூருக்கு பஸ் பிடித்திருப்பேன். கிடைக்கவில்லை, அதனால் கம்பி சுற்றினோம். அவ்வளவுதான் விஷயம்.

என் படிப்புக் கதை ரொம்பச் சின்னது. டிப்ளமோ, டி.வி. பெட்டி பொருத்துகிற ஒரு கம்பெனியில் சில வருஷம், சாயங்காலக் கல்லூரியில் பி.இ. அப்புறம் கல்யாணம், குழந்தை. எண்பதுகளில் பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு ஓரமாக ஒரு புது என்ஜினியரிங் கல்லூரி வந்தபோது விண்ணப்பம் போட்டேன். எடுத்துக்கொண்டார்கள்.

நேர்முகத்தில் என்னைக் கேள்வி கேட்டவர் கனகசபை சார், துறைத் தலைவர். ஒரு ரேடியோவை மேஜை மேல் வைத்து, "இது வேலை செய்யல. என்னன்னு பாருங்க" என்றார். டி.வி. கம்பெனிப் பழக்கம், எனக்கு வாய் முந்திக்கொண்டது. "பேட்டரி செத்திருக்கும் சார்." அவர் கோபப்படவில்லை. மேஜை டிராயரிலிருந்து தோல் உறை போட்ட ஒரு மீட்டரை எடுத்து என் பக்கம் தள்ளி, "அளந்து சொல்றீங்களா, நினைச்சு சொல்றீங்களா?" என்றார். அளந்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்பீக்கர் கம்பிதான் அறுந்திருந்தது. வேலை போச்சு என்று நினைத்தேன், கொடுத்துவிட்டார்.

அவர் அப்படித்தான். திட்டவே மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று தோன்றும். வெள்ளைச் சட்டை, பையில் ஒரே பேனா, எதைச் சொன்னாலும் அந்த ஒரு கேள்வி. லேபில் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொல்லப் போனாலும் அதே கேள்வி வரும். பையன்கள் முதுகுக்குப் பின்னால் அவரை 'மீட்டர்' என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

முதல் வருஷத்துப் பிள்ளைகளைக் கணக்கும் இயற்பியலும் மட்டும் படிக்கவிட்டால் என்ஜினியரிங் என்றால் என்னவென்றே தெரியாமல் ஒரு வருஷம் ஓடிவிடும் என்று சொல்லி, அவர்களுக்கென்று ஒரு செய்முறை வகுப்பை ஆரம்பித்தவர் அவர்தான். நடத்தியது நான். ஒவ்வொருவரும் தன் கையால் ஒரு வயர்லெஸ் மைக் செய்ய வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பலகை, அதில் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு காயில், நாலைந்து உறுப்புகள், ஒரு குட்டி மைக். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் மேஜையில் இருக்கிற எஃப்.எம். ரேடியோவில் கேட்க வேண்டும். அதற்குச் சார் எழுதி அனுமதி வாங்கி வைத்திருந்தார். சத்தம் லேப் வராந்தாவைத் தாண்டக் கூடாது. அதனால் ஏரியல் கம்பி ஒரு சாணுக்கு மேல் யாராவது விட்டிருந்தால் நான் கட்டரோடு நிற்பேன்.

முதல் வகுப்பில் நான் மைக்கைப் பற்றிப் பேசவே மாட்டேன். ஆளுக்குக் கொஞ்சம் காயில் கம்பியைக் கொடுத்து, நுனியைப் பிளேடால் சுரண்டச் சொல்வேன். அந்தக் கம்பி மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். அது போனால்தான் சாலிடர் பிடிக்கும். "பளபளன்னுதான மேடம் இருக்கு" என்பார்கள். பளபளப்பே அந்தப் பூச்சுதான்டா என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சுரண்டாமல் பற்றவைத்து, ஊமையாக உட்கார்ந்திருக்கிற மைக்கைப் பார்த்து முழித்த பிறகுதான் நம்புவார்கள். பிறகு பால்பாயிண்ட் பேனா ரீஃபில் மேல் அந்தக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, ரீஃபிலை உருவிவிட வேண்டும். அதுதான் காயில். ஒரு புத்திசாலி ஸ்கெட்ச் பேனா மேல் சுற்றிக்கொண்டு வந்து, காயில் பெருத்து அலைவரிசை மாறிப்போய், அவன் குரல் ரேடியோவில் எங்கேயுமே வராமல், அழுகிற நிலைக்குப் போய்விட்டான்.

முதல் தடவை தன் குரல் ரேடியோவில் வரும்போது ஒரு பிள்ளையின் முகம் போகிற போக்கு இருக்கிறதே, அதற்காகத்தான் நான் அத்தனை வருஷம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வெந்தேன். அதில் எனக்குக் குறையே இல்லை.

இனி ஏழுமலை விஷயம். கவிதா, நீ கேட்டதற்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம். ஏழுமலை சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து செங்கல்பட்டு வண்டியில் தினமும் வருகிறவன். தமிழ் மீடியம். அப்பா அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பையன் கெட்டிக்காரன், கூடவே முன்கோபம். அதுவும் சாதாரண முன்கோபமா? மூக்குக்கு மேல். அவனோடு ஒரே பெஞ்சில் பிரதீப் என்று ஒருவன், குரோம்பேட்டை. வாய்த்துடுக்கு. ஏழுமலை மைக்கில் பேசுகிற இங்கிலீஷை அப்படியே நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பான்.

ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள் காலையில் அது முற்றிவிட்டது. ஏழுமலை எழுந்து நின்று மொத்த கிளாஸையும் பார்த்துக் கத்தினான். "இருங்கடா. லீவு முட்ச்சுகினு வந்து பாருங்க. உங்க மைக்கு ஒண்ணு கூட வாயத் தொறக்காது!" அலமாரியிலிருந்து தன் பலகையை மட்டும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைக்கூடக் கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். லேப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. லீவு முடிந்து வரட்டும், காதைத் திருகலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் லேபில் பூஜை. வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் கனகசபை சார் வேட்டியில் வருவார், அன்று ஒரு நாள்தான் சிரிப்பார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் எடுத்துக்கொண்டு ஆசிலாஸ்கோப், மீட்டர், அலமாரி, ஃப்யூஸ் பெட்டி என்று எதையும் விடாமல் அவரே பொட்டு வைப்பார். அந்த வருஷம்தான் பூஜைக்கு முன்பே பிள்ளைகளின் பலகைகள் தயாராகியிருந்தன. அவற்றையும் வரிசையாக அடுக்கச் சொன்னார். "பசங்க கையால செஞ்சது. இதைவிட என்ன ஆயுதம் வேணும்?" என்று சொல்லி, உறுப்புகள் நெருக்கமாக நின்ற மேல்பக்கத்தில் விரல் போகாததால் ஒவ்வொன்றையும் திருப்பி, முதுகில் நடுமத்தியில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும் வைத்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பொரி சாப்பிட்டுவிட்டு லேபைப் பூட்டினோம்.

லீவு முடிந்து வந்தால் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் லேபுக்குப் பின்னால் ஏரி. மழை வந்தால் சுவரெல்லாம் வியர்க்கும். முதல் பீரியட் எங்களுடையது. பிரதீப் தன் மைக்கில் பேட்டரியைப் போட்டான், பேசினான். ரேடியோவில் வெறும் இரைச்சல். அடுத்தவன் போட்டான், இரைச்சல். அதற்கடுத்த பெண், அதேதான். பெஞ்ச் பெஞ்சாக ஊமை. கடைசியாக ஏழுமலை பையிலிருந்து தன்னுடையதை எடுத்து, கெத்தாக ஊதினான். ரேடியோ புயல் மாதிரி ஊதியது.

அப்புறம் கேட்க வேண்டுமா? "மேடம், இவன்தான்!" "சொல்லிட்டுத்தானே மேடம் போனான்!" "அலமாரிகிட்ட நின்னு என்னமோ பண்ணான், நான் பாத்தேன்!" ஒரே களேபரம். சத்தம் கேட்டுக் கனகசபை சார் வந்துவிட்டார்.

"உன் செட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"ஆமா சார்."

"மத்தவங்க செட் பேசாதுன்னு சொன்னியா?"

"கோவத்துல சொல்லிட்டேன் சார். ஆனா நா ஒண்ணியும் பண்ல சார். சத்தியமா சார்."

"நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார். குரல் உயரவில்லை. லேப் பொருளை வேண்டுமென்றே கெடுத்தால் டி.சி. கொடுத்து அனுப்புவது என்று எங்கள் பிரின்சிபால் ஒரு முடிவோடு இருந்தார். நடு வருஷத்தில் டி.சி. வாங்கிய பையனை எந்தக் கல்லூரி சேர்க்கும்? அதோடு அவன் படிப்பு முடிந்தது. ஏழுமலைக்கும் அது தெரியும். முகம் வெளிறிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு நடந்ததுதான் பேஜார். மத்தியானம் மழை விட்டு நல்ல வெயில். சும்மா பார்ப்போமே என்று பிரதீப் பேட்டரியைப் போட்டால் மைக் கணீரென்று பேசுகிறது! அடுத்ததும் பேசுகிறது. எல்லாம் பேசுகிறது. "பாத்தீங்களா மேடம், அவன் இல்லைன்னா ஓடுது!" என்றார்கள். மறுநாள் காலையில் மறுபடி மழை. ஏழுமலை அப்பாவோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே அத்தனை மைக்கும் மறுபடி ஊமை.

எங்கள் அட்டெண்டர் தேவராஜ் அண்ணன் என் காதருகே வந்தார். "மேடம், அந்தப் புள்ள வந்தா செட்டு பூட்ச்சு. போனா வந்துடுது. கண்ணு சரியில்ல. நா சொல்றத சொல்லிட்டேன், அப்பால உங்க இஷ்டம்."

"சும்மா இருங்க அண்ணே, நீங்க வேற!" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தேன், பொய் சொல்வானேன்.

ஏழுமலையின் அப்பா கம்பெனி நீலச் சட்டையோடு நேரே நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தார். வராந்தாவில் நின்று மகனை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செஞ்சியா?" "இல்லப்பா." "அப்ப நிமிந்து நில்லு" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ஆவேசமே வந்துவிட்டது. சாரிடம் போய், "பிரின்சிபாலைப் பாக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பீரியட் குடுங்க சார்" என்றேன். சார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஏழுமலையின் பலகையையும் பிரதீப்பின் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேட்டரியை மாற்றிப் போட்டேன், இல்லை. சாக்கெட்டில் சொருகியிருந்த டிரான்சிஸ்டரைக் கழற்றி அதை இதிலும் இதை அதிலும் போட்டேன். பிரதீப்புடையது அப்போதும் ஊமை, ஏழுமலையுடையது அப்போதும் பேசியது. மைக்கை மாற்றினேன், காயிலை மாற்றினேன். உறுப்பெல்லாம் இடம் மாறியும் கோளாறு மட்டும் பிரதீப்பின் பலகையை விட்டு நகரவில்லை. அப்படியென்றால் கோளாறு உறுப்பில் இல்லை, பலகையில்! இரண்டையும் குப்புறப் போட்டுப் பார்த்தேன். ஒரே மாதிரி செம்புப் பட்டைகள், ஒரே மாதிரி சாலிடர். வித்தியாசம் என்று ஒன்றும் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள். பிரதீப்பின் பலகை முதுகில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருக்கின்றன, ஏழுமலையின் பலகையில் இல்லை. என் கண் அதைப் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. லேபில் எல்லாவற்றிலும்தான் பொட்டு இருந்தது. ஆசிலாஸ்கோப்பில் இருந்தது, என் மேஜையில் இருந்தது. அதை ஒரு பொருளாகவே யாரும் எண்ணவில்லை. அத்தனை பேரும் அத்தனை தடவை பலகையைத் திருப்பிப் பார்த்தோமே, ஒருத்தர் விரலாவது அதைத் துடைக்கப் போயிற்றா? போகாது. நம் கை போகவே போகாது.

பலகையை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம் என்று குனிந்தபோது என் மூச்சு பட்டு அந்தக் குங்குமம் கருத்தது. ஈரம் உறிஞ்சியிருக்கிறது! பொட்டு சரியாக டிரான்சிஸ்டர் சாக்கெட்டின் கால்களின் மேல் உட்கார்ந்திருந்தது. காலையில் ஈரத்தில் ஊறிக் கரண்ட் கசிவு, மத்தியானம் வெயிலில் காய்ந்து குணம். பையன் வந்ததும் போனதும் மழையோடும் வெயிலோடும் ஒத்துப்போனது தற்செயல். "அட கடவுளே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உறுதி செய்துகொள்ள, ஏழுமலையின் நல்ல பலகையை எடுத்து, என் மேஜைப் பொட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீர் தொட்டு எடுத்து அதே இடத்தில் வைத்தேன். பேசிக்கொண்டிருந்த மைக் பொசுக்கென்று நின்றது. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டேன். பேசியது.

சந்தோஷம் வந்த வேகத்தில் போய்விட்டது. பொட்டு வைத்தது யார்? அதுவும் எவ்வளவு ஆசையாக வைத்தார்! அவரிடம் போய், சார் உங்கள் சந்தனம்தான் என்று எந்த வாயால் சொல்வது? வெளியே நீலச் சட்டை நின்றுகொண்டே இருந்தது. போனேன்.

உறுப்பே பொருத்தாத வெறும் பலகைகள் சில அலமாரியில் இருந்தன. அவற்றுக்கும் சார் பொட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றை அவர் மேஜையில் வைத்து, "சார், இந்த ரெண்டு பட்டைக்கும் நடுவுல ஒரு அளவு எடுங்க" என்றேன். ஒன்றுக்கொன்று ஒட்டாத செம்புப் பட்டைகள். அங்கே மீட்டர் முள் அசையவே கூடாது. தோல் உறையைப் பிரித்து மீட்டரை வைத்தார். முள் எழுந்தது. "ஊதுங்க சார்" என்றேன். ஊதினார். முள் இன்னும் ஏறியது. ஸ்பிரிட்டால் பொட்டைத் துடைத்திருந்த பலகை ஒன்றையும் கொடுத்தேன். முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

சார் இரண்டு பலகைகளையும் இன்னொரு தடவை அளந்தார். மீட்டரை மூடினார். எழுந்து நேரே லேபுக்கு நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் நின்ற அப்பாவையும் பிள்ளையையும் உள்ளே வரச் சொன்னார். கிளாஸ் எழுந்து நின்றது.

"உங்க மைக்கைக் கெடுத்தது நான்" என்றார். "பூஜை அன்னைக்கு நான் வெச்ச சந்தனம் ஈரத்துல ஊறி ஷார்ட் பண்ணுது. இவன் செட் அன்னைக்கு இங்க இல்ல, அதனால தப்பிச்சுது. சோதிச்சுப் பாக்காம ஒரு பையனைக் குத்தவாளியா நிக்க வெச்சேன்." ஏழுமலை பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுடுப்பா" என்றார்.

ஏழுமலை தரையைப் பார்த்தபடி, "பரவால்ல சார்" என்றான். பரவாயில்லை என்கிற குரல் இல்லை அது. எப்படி இருக்கும்?

சார் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுத்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். தேவராஜ் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "சார், சாமிக்கு வச்சது சார்..." என்றார்.

"சாமி கோவிச்சுக்காது தேவராஜ். இவன்தான் கோவிச்சுக்கணும்" என்றார் சார், தலை நிமிராமல். நானும் ஒரு பஞ்சை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். துடைத்த பலகைகளை ஜன்னல் வெளிச்சத்தில் காயவைத்தோம்.

முதலில் காய்ந்தது பிரதீப்புடையது. சார் அதில் பேட்டரியைப் போட்டு, ஏழுமலையின் அப்பாவிடம் நீட்டினார். "நீங்க டெஸ்ட் பண்ணுங்க. வராந்தாவுக்குப் போய் ஏதாவது பேசுங்க." அவர் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டார். உள்ளே நாங்கள் அத்தனை பேரும் ரேடியோவைச் சுற்றி நின்றோம். முதலில் கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் வந்தது, பிறகு ஒரு மூச்சு.

"ஏழுமலை அப்பா பேசறேன்" என்றது ரேடியோ. கொஞ்சம் நின்று, "எம் புள்ள அத செய்யல."

கேட்டதா கேட்கவில்லையா என்று வெளியே அவருக்குத் தெரியாதே. அதனால் இன்னொரு தரம் சொன்னார். "எம் புள்ள அத செய்யலங்க."

பிரதீப் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தான்.